சுப்புலக்ஷ்மியின் நூறு வாட்

வைட்ஃபீல்டில் ஓர் ஏரியைத் தூர்த்து, அதன்மேல் ஏழு மாடி எழுப்பி, ‘சரோவர் எலிகன்ஸ்’ என்று ஏரியின் ஞாபகமாகவே பெயரும் வைத்தார்கள். மழைக்காலத்தில் லிஃப்ட் குழியில் தானாகத் தண்ணீர் ஊறும், எங்கிருந்தோ தவளை கத்தும். குடியிருப்போர் சங்கம் அதைக் கசிவு என்று சொல்லிக்கொள்ளும்.

அந்தக் கட்டடத்தின் ஏழாம் மாடியில், மேற்கு வெயில் முழுவதையும் ஒண்டியாக வாங்கிக்கொள்ளும் ஃபிளாட்டில் பத்ரிநாத் இருந்தார். பொதுத்துறை ஆலை ஒன்றின் கணக்குப் பிரிவில் இருந்து விருப்ப ஓய்வு பெற்றவர். மனைவி சுப்புலக்ஷ்மி போன ஐப்பசியில் தவறிப்போனாள். அவள் விட்டுப்போனவற்றில் உயிருள்ளது ஒன்றுதான் இருந்தது. ஹாலில் இருந்த பெரிய கண்ணாடித் தொட்டியில் ஒரு கிழட்டுத் தங்கமீன். கொழுக்கட்டை உடம்பு, தலையில் சதைக் கொண்டை. அதற்கு அவள் வைத்த பெயர் மானேஜர். அவள் வேலை பார்த்த பாங்கின் மானேஜரும் இப்படித்தான் வாயைத் திறந்து திறந்து மூடுவாராம், ஒரு வார்த்தை வெளியே வராதாம்.

சாயங்காலம் பாங்கிலிருந்து வந்ததும் அவள் தொட்டியின் இடது மூலையில் நின்று அன்றைய வம்பையெல்லாம் மானேஜரிடம் கொட்டுவாள். அவள் போன பிறகும் மீன் அதே பொழுதுக்கு அதே மூலைக்கு வந்தது. கண்ணாடியில் மூக்கை வைத்து, சற்று மேலே, அவள் முகம் இருக்க வேண்டிய உயரத்தைப் பார்த்தது. பத்ரிநாத் வலது பக்கம் தீனியோடு நின்று கெஞ்சினாலும் திரும்பாது. முதல் தடவை அதைப் பார்த்தபோது அவருக்கு முதுகு சில்லிட்டது. பிறகு அந்தப் பொழுதுக்காகவே நாள் முழுக்கக் காத்திருக்க ஆரம்பித்தார். உலகத்தில் சுப்புலக்ஷ்மியை இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிற ஜீவன் அது ஒன்றுதான். அது போனால் அவளும் மிச்சமில்லாமல் போய்விடுவாள் என்று அவருக்குப் பயமாக இருந்தது.

இரண்டாயிரத்து நான்காம் வருஷத்து ஏப்ரலில் பெங்களூர், தான் பெங்களூர் என்பதை மறந்து காய்ந்தது. தொட்டித் தண்ணீர் குளிக்கிற பதத்துக்கு வந்துவிட்டது. மானேஜர் மேலே வந்து காற்றுக்கு வாயைப் பிளந்துகொண்டு நின்றது. பத்ரிநாத் விவேக் நகருக்கு ஓடினார். வியாழக்கிழமை, குழந்தை ஏசு கோயில் கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டிருந்தது. அதில் புகுந்து வெளியேறி மைக்கேல்ராஜின் மீன் கடையை அடைந்தார்.

“சில்லர் போடணும் சார், வேற வழி இல்ல,” என்றார் மைக்கேல்ராஜ். தொட்டித் தண்ணீரை இழுத்து, குளிர வைத்து, திரும்ப விடுகிற பெட்டி அது. “கால் ஹெச்பி, அரை ஹெச்பி, ஒரு ஹெச்பின்னு மூணு சைஸ் இருக்கு. சின்னதா போட்டா நிக்காம ஓடி ஓடியே செத்துடும். பெருசா போட்டா ஆன் ஆகி ஆஃப் ஆகி அதுவும் செத்துடும். கரெக்ட் சைஸா போடணும்.”

“எங்காத்துக்குக் கரெக்ட் சைஸ் எது?”

“அத நான் சொல்ல மாட்டேன் சார். உங்க அசோசியேஷன்ல கேட்டுக்குனு வாங்க. போன வருஷம் உங்க பில்டிங்க்கு ஒரு மிஷின் எடுத்துக்குனு வந்தேன். கிளப் ஹவுஸ்ல ஒரு காலி நாற்காலி முன்னாடி நிக்க வெச்சு, அதுக்கு விளக்கம் சொல்லச் சொன்னாங்க. சொன்னேன். அது ஒத்துக்கலன்னு திருப்பி அனுப்பிட்டாங்க.”

நாற்காலியைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். சங்கத்தின் முதல் தலைவர் சீனிவாசராகவன், சங்கத்துக்கான சட்டதிட்டங்களைத் தன் கையாலேயே எழுதியவர். எழுதிக்கொண்டிருக்கும்போதே காலமானார். விதிகளைத் திருத்துவது எப்படி என்ற பகுதிக்கு அவர் வந்து சேரவில்லை, ஆகவே விதிகளைத் திருத்த முடியாது. தலைவர் பதவி எப்போது காலியாகும் என்ற பகுதிக்கும் வந்து சேரவில்லை, ஆகவே பதவி காலியாகவில்லை. கூட்டம்தோறும் அவருடைய நாற்காலி நடுவில் போடப்படும். முதுகில் அவருடைய சால்வை, முன்னால் ஒரு கப் டீ. டீ ஆறிய பிறகு அதைச் செயலாளர் வெங்கடகிருஷ்ணன் பயபக்தியோடு குடிப்பார். மாநிலச் செயலகத்தில் முப்பது வருஷம் எதையும் நகரவிடாமல் பார்த்துக்கொண்டு ஓய்வு பெற்றவர் அவர்.

பத்ரிநாத்தின் விஷயம் வந்தபோது வெங்கடகிருஷ்ணன் நாற்காலியின் பக்கம் குனிந்தார்.

“ராகவன் ஸார், ஏழாவது மாடி பத்ரிநாத் மீனுக்கு ஏ.சி. கேக்கறார்,” என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். சபை முழுவதும் மூடிக்கொண்டது. பத்ரிநாத் மட்டும் திறந்து வைத்திருந்தார். சால்வையின் குஞ்சம் லேசாக ஆடியது.

“ஆட்சேபணை இருக்கு,” என்றார் வெங்கடகிருஷ்ணன்.

“மேல ஃபேன் ஓடறது ஸார். அதுல ஆடறது.”

“ஃபேன் எல்லா விஷயத்துக்கும்தான் ஓடறது. அவர் எல்லாத்துக்குமா ஆடறார்?”

தலைவருக்கு ஆட்சேபணை இருந்தால் உபகுழுவுக்கு அனுப்ப வேண்டும் என்பது மரபு. சங்கத்தில் மோட்டார் உபகுழு என்று ஒன்று இருந்தது. ராகவன் சாரின் மோட்டார் விதி மூன்று வரிதான். அலங்கார மோட்டார் எதுவும் கால் ஹெச்பிக்கு மேல் போகக் கூடாது. தேவைக்குக் குறைந்த அளவிலும் போடக் கூடாது. ஓடும்போது சத்தம் வெளியே வராதபடி கதவு ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்க வேண்டும்.

உபகுழுவின் நிபுணர் அலெக்சாண்டர். ஞாயிற்றுக்கிழமை காலை வெப்பமானியும் கையுமாகச் செயலாளரோடும், பொருளாளர் கோமளத்தோடும் பத்ரிநாத் வீட்டுக்கு வந்தார்.

“உங்காத்துல மீன் வெச்சிருக்கேளா ஸார்?” என்று பத்ரிநாத் மரியாதைக்குக் கேட்டார்.

“மூணு டாங்க் வெச்சிருந்தேன் சார். மூணுமே செத்துப் போச்சு. ஒண்ணு சூட்டுல, ஒண்ணு குளிர்ல, ஒண்ணு ஏன்னே தெரியல. இந்த எக்ஸ்பீரியன்ஸ் வொயிட்ஃபீல்ட்ல வேற யாருக்கு இருக்கு சொல்லுங்க? மீன் நல்லா வளக்கறவனுக்கு ஒண்ணும் தெரியாது சார். அவனுக்குத்தான் ஒண்ணும் ஆகலையே.”

பிறகு சூட்டுக் கணக்கு ஆரம்பித்தது. கூரை தரும் சூடு, மேற்குச் சுவர், தொட்டி விளக்கு, காற்றுக் குழாயின் சின்ன மோட்டார். மீனின் உடம்புச் சூட்டைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதில் சற்று நேரம் போனது. மீனுக்கு வேர்க்குமா என்று கோமளம் கேட்டார். தண்ணீருக்குள்ளேயே இருப்பதால் அதை நிரூபிக்க முடியாது என்றும், சந்தேகத்தின் பலனை மீனுக்கே தரலாம் என்றும் அலெக்சாண்டர் தீர்ப்பளித்தார். பத்ரிநாத் இதையெல்லாம் காதில் வாங்கவில்லை. மானேஜர் மேலே வந்து வந்து போவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இப்ப ஆளுங்க. ஒரு ஆளுக்கு நூறு வாட் சார். மனுஷன் சும்மா உக்காந்திருந்தாலே நூறு வாட் பல்பு எரியற சூடு. இந்த வீட்ல ரெண்டு பேர்.”

“நான் ஒருத்தன்தான்,” என்றார் பத்ரிநாத்.

“கீழ நேம் போர்டுல ரெண்டு பேர் போட்டிருக்கே சார்.”

பத்ரிநாத் வெங்கடகிருஷ்ணனைப் பார்த்தார். சுப்புலக்ஷ்மியின் காலடியில் சங்கத்தின் சார்பில் மாலை வைத்தவரே அவர்தான்.

“என்னை ஏன் ஸார் பாக்கறேள்? எனக்குத் தெரியாதா? நான்தானே வந்தேன். ஆனா எனக்குத் தெரியறது வேற, சங்கத்துக்குத் தெரியறது வேற. ரெண்டையும் கலந்துண்டா நிர்வாகம் நடக்காது.”

ஆள் இருக்கையில் இருக்கும்போதுதான் அளக்க வேண்டும் என்றார் அலெக்சாண்டர். பத்ரிநாத்தை அவருடைய நாற்காலியில் உட்கார வைத்தார்கள். பக்கத்தில் சுப்புலக்ஷ்மியின் பிரம்பு நாற்காலி. உறுப்பினர் வராத இடத்துக்குச் சங்கம் மாற்று ஏற்பாடு செய்யும் என்று சொல்லி, அலெக்சாண்டர் தன் பையிலிருந்து ஒரு நூறு வாட் பல்பையும் ஹோல்டரையும் ஒயரையும் எடுத்தார். அதை அந்த நாற்காலியின் நடுவில் வைத்து சுவிட்சைப் போட்டார். மூன்று பேரும் எதிரே சோபாவில் உட்கார்ந்து வெப்பமானியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்ரிநாத் பல்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இடது தோளில் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. அந்தப் பக்கம் தலையைத் திருப்ப அவருக்குத் தைரியம் வரவில்லை.

அளந்து முடித்து, பல்பு சங்கத்தின் சொத்து என்பதால் கையோடு எடுத்துக்கொண்டு போனார்கள். கதவைச் சாத்திவிட்டு வந்து பத்ரிநாத் பிரம்பு நாற்காலியில் கையை வைத்தார். ஆள் இப்போதுதான் எழுந்து போன மாதிரி சூடாக இருந்தது. அது ஆறுகிறவரை அவர் கையை எடுக்கவில்லை.

உபகுழுவின் முடிவு அடுத்த கூட்டத்தில் வந்தது. ஒரு ஆள் என்றால் கால் ஹெச்பி போதும். இரண்டு ஆளுக்கு அரை ஹெச்பி தேவை. அரை ஹெச்பியை ராகவன் சார் அனுமதிக்கவில்லை. தேவைக்குக் குறைவாகக் கால் போடுவதையும் அவர் அனுமதிக்கவில்லை. ஆகவே இரண்டு பேர் இருக்கும் அந்த வீட்டுக்குச் சரியான அளவு சில்லர் உலகத்தில் கிடையாது.

“அப்போ மீன் செத்துடுமே ஸார்,” என்றார் பத்ரிநாத்.

“அதுக்கு வழி இருக்கு,” என்றார் வெங்கடகிருஷ்ணன் கனிவாக. “பொதுக்குழுவுல நீங்களே மைக்ல வந்து சொல்லணும், இன்னார் இல்லைன்னு. ஒருத்தர் பேரை வெளி மனுஷா பேச்சைக் கேட்டு எடுக்கப்படாதுன்னு ராகவன் ஸார் ரொம்பக் கண்டிப்பா இருந்தார். சொந்த வாயால சொல்லணும். சொல்லிட்டேள்னா அன்னிக்கே போர்டுல அழிச்சுடலாம், அன்னிக்கே சில்லர் போட்டுக்கலாம்.”

இந்த ஆறு மாதத்தில் பத்ரிநாத் அந்த வார்த்தையை ஒருவரிடமும் சொன்னதில்லை. அமெரிக்காவில் இருக்கும் மகளிடம் ஃபோனில் ‘அம்மாவுக்கு முடியலை, கிளம்பி வா’ என்றுதான் சொன்னார், அதற்குள் எல்லாம் முடிந்திருந்தும். தெரிந்தவர்கள் கேட்டால் தலையாட்டிவிட்டு வேறு பேச்சு பேசுவார். சொல்லாமல் இருக்கிறவரை விஷயம் இன்னும் முழுசாக நடந்துவிடவில்லை என்பதுபோல ஒரு அசட்டு நம்பிக்கை. இப்போது அதை விட்டால்தான் மீன் பிழைக்கும்.

பொதுக்குழுவில் கிளப் ஹவுஸ் நிரம்பியிருந்தது. அன்று கேசரி உண்டு என்பதும் ஒரு காரணம். பத்ரிநாத் மைக்கின் முன்னால் வந்து நின்றார்.

“என் ஆத்துக்காரி சுப்புலக்ஷ்மி இப்ப... ஆத்துல இல்லை.”

“இல்லைன்னா என்ன அர்த்தம்?” என்றார் வெங்கடகிருஷ்ணன். “கடைக்குப் போயிருக்காளா? பொண்ணாத்துக்குப் போயிருக்காளா? சபைக்குத் தெளிவாச் சொல்லணும்.”

பத்ரிநாத் நாற்காலியைப் பார்த்தார். சால்வை, டீ, ஆவி. அவருக்குள் என்னவோ அறுந்தது.

“ராகவன் ஸாரும்தான் போயிட்டார். அவரை மட்டும் எப்படி வெச்சிண்டிருக்கேள்?”

சபை முழுவதும் சால்வையைத் திரும்பிப் பார்த்தது. வெங்கடகிருஷ்ணன் மட்டும் கொஞ்சமும் கலங்கவில்லை.

“யார் சொன்னா, அவர் போயிட்டார்னு? இந்த மைக்ல வந்து யாராவது சொன்னாளா? சொல்லட்டுமே பாப்போம். அவர் போயிட்டார்னா அவர் போட்ட விதி போச்சு, விதி போச்சுன்னா சங்கம் போச்சு, சங்கம் போச்சுன்னா நான் யாரு? இங்க எதுக்கு உக்காந்திருக்கேன்? அவருக்கு நாங்க இத்தனை பேர் இருக்கோம் ஸார். உங்காத்து மாமிக்கு நீங்க ஒருத்தர்தான். அதான் வித்தியாசம்.”

கூட்டத்தில் சிலர் ஆமோதித்தார்கள். பத்ரிநாத் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மேலே வந்து வந்து வாயைப் பிளக்கும் மீனை நினைத்துக்கொண்டார்.

“செத்துப்போயிட்டா,” என்றார்.

மைக் கிறீச்சிட்டது. மைக்கில் யார் எதை அறிவித்தாலும் கைதட்டுவது சங்கத்தின் பழக்கம். கைதட்டினார்கள். சால்வை ஆடவில்லை. தலைவருக்கு ஆட்சேபணை இல்லை என்று வெங்கடகிருஷ்ணன் அறிவித்தார். பத்ரிநாத் கேசரி சாப்பிடாமல் வெளியே வந்தபோது, கீழே பெயர்ப்பலகையில் பெயின்டர் ஏணி போட்டுக்கொண்டிருந்தார்.

கால் ஹெச்பி சில்லர் மறுநாள் வந்தது. மைக்கேல்ராஜ் அதை மாட்டிவிட்டு, நாற்காலிப் பக்கம் போகச் சொல்வார்களோ என்ற பயத்தில் காபிகூடக் குடிக்காமல் கிளம்பினார். பத்ரிநாத் விதிப்படி கதவு ஜன்னல் எல்லாவற்றையும் சாத்தினார். தண்ணீர் மெல்லக் குளிர்ந்தது. மானேஜர் கீழே இறங்கி, கூழாங்கல்லைக் கிளறி, இத்தனை நாளாகத் தின்னாததையெல்லாம் தின்றது. சாயங்காலம் இடது மூலைக்கு வந்து மேலே பார்த்தது. பத்ரிநாத் அந்த வெற்றிடத்தைப் பார்த்து, “மன்னிச்சுக்கோ. வேற வழி தெரியலை,” என்றார்.

அதோடு விட்டிருந்தால் சங்கம் சங்கமாக இருக்காது. சரியான அளவு போடப்பட்டது என்பதை உறுதிசெய்யும் பரிசோதனை பாக்கி இருந்தது. ஒரு சாயங்காலம் மூவரும் வந்தார்கள். ஹால் அடுப்படி மாதிரி கொதித்தது. செருப்பை வாசலில் விட்டு, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அலெக்சாண்டர் வெப்பமானியை நடுவில் தொங்கவிட்டார். கூரை, சுவர், விளக்கு, மோட்டார், மீன், ஆள் ஒன்று என்று கூட்டினார். வெப்பமானியைப் பார்த்தார். திரும்பக் கூட்டினார்.

“நீங்க சங்கத்துக்குப் பொய் சொல்லியிருக்கீங்க சார்.”

“என்ன பொய்?”

“இந்த ஹால்ல ஒரு ஆள் சூடு அதிகமா இருக்கு. இன்னொருத்தங்க இருக்காங்க.”

“யாரு?” என்றார் வெங்கடகிருஷ்ணன். “வரச் சொல்லுங்கோ அவாளை.”

தேட ஆரம்பித்தார்கள். சமையலறை, குளியலறை, கட்டிலுக்கு அடியில். கோமளம் படுக்கையறை பீரோவைத் திறந்தார். சுப்புலக்ஷ்மியின் புடவைகள் மடிப்புக் கலையாமல் இருந்தன. சாத்திய வீட்டில் பல நாள் அடைபட்டிருந்த அவற்றின் வாசனை ஹால்வரை வந்தது. கோமளம் பீரோவைச் சாத்தாமலே திரும்பி வந்தார்.

“யாரும் இல்லையே,” என்றார் வெங்கடகிருஷ்ணன். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

“கணக்கு பொய் சொல்லாது சார்,” என்றார் அலெக்சாண்டர். “ஆள் இருக்காங்க. நம்ம கண்ணுக்குத் தெரியல, அவ்ளோதான்.”

சொல்லிவிட்ட பிறகுதான், தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. தொட்டியில் மானேஜர் அசைந்து, மெதுவாக நீந்தி, இடது மூலைக்கு வந்து கண்ணாடியில் மூக்கை வைத்து மேலே பார்த்தது. அந்த மூலையில் வெங்கடகிருஷ்ணன் நின்றுகொண்டிருந்தார். மீன் அவரைப் பார்க்கவில்லை. அவர் தோளுக்குப் பக்கத்தில், கொஞ்சம் பின்னால் பார்த்தது. அவர் திரும்பிப் பார்க்காமலே ஒரு அடி நகர்ந்தார். மீனின் பார்வை அவரோடு நகரவில்லை.

ராகவன் சாரோடு வருஷக்கணக்காக டீ குடித்த வெங்கடகிருஷ்ணன், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, லிஃப்டுக்குக் காத்திராமல் படியில் இறங்கினார். மற்ற இருவரும் அவரை முந்தப் பார்த்தார்கள். வெப்பமானி ஹால் நடுவில் ஆடிக்கொண்டிருந்தது.

பத்ரிநாத் கதவைச் சாத்தினார். அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்று அவருக்குத் தெரியும். முதல் நாளே சில்லரின் பின்பக்கம் கையை நீட்டிப் பார்த்திருந்தார். தண்ணீரிலிருந்து பிடுங்கிய சூட்டை அது அனல்காற்றாக அறைக்குள் விடுகிறது. கதவு ஜன்னல் சாத்தியிருப்பதால் அதற்குப் போக்கிடம் இல்லை. கமிட்டிக்காரர்களிடம் ஒரே வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம். அவர் சொல்லவில்லை. இருக்காங்க என்று ஒருவர் அவர் வீட்டு ஹாலில் நின்று சொன்னதை மறுக்க அவருக்கு வாய் வரவில்லை. ஒருமுறை மறுத்ததே போதும்.

தன் நாற்காலியில் உட்கார்ந்தார். கன்னத்திலும் கழுத்திலும் கதகதப்பு படர்ந்தது. நூறு வாட். அப்படியே கண்ணை மூடிக்கொண்டார். சந்தோஷமாக இருந்தது, வெட்கப்படுகிற அளவுக்குச் சந்தோஷமாக இருந்தது.

சில்லரின் இரைச்சல் மாறியபோது கண்ணைத் திறந்தார். அது நிற்காமல் திணறி ஓடியது. அறை கொதிக்கக் கொதிக்க அதனால் தண்ணீரின் சூட்டைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. தொட்டி வெப்பமானி ஏறியிருந்தது. மானேஜர் மூலையை விட்டுவிட்டு மேலே போய் வாயைப் பிளந்துகொண்டிருந்தது. பால்கனிக் கதவைத் திறந்தால் சூடு போய்விடும். அப்புறம் எந்த நிபுணர் வந்து எப்படிக் கூட்டினாலும் இந்த ஹாலில் ஒரே ஆள்தான்.

அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஏன்னா, அது மூச்சுக்குத் தவிக்கறது, நீங்க பாட்டுக்குச் சுகமா உக்காண்டிருக்கேளே என்றிருப்பாள்.

பத்ரிநாத் எழுந்துபோய் பால்கனிக் கதவை இரண்டு பக்கமும் முழுசாகத் திறந்தார். கீழே முற்றத்தில் மூவரும் கும்பலாக நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். மோட்டார் ஓடும்போது கதவைத் திறப்பது விதிமீறல். வெங்கடகிருஷ்ணன் செருப்பைக் கீழே போட்டுவிட்டுக் கைகூப்பினார்.

உள்ளே அடைந்திருந்த சூடு பத்ரிநாத்தின் கழுத்தை உரசிக்கொண்டு, அவரைத் தாண்டி, சாயங்கால வெளிச்சத்துக்குள் போனது. அவர் கதவைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி வழிவிட்டார்.

“போயிட்டு வா,” என்றார்.